இடது பக்க விளக்கு

1

என்னிடம் இரண்டு போன்கள் உண்டு. ஒன்று இந்த ஊர்ப் போன். வேலை, வீடு, மகளின் பள்ளிக்கூடம் எல்லாம் அதில் வரும். இன்னொன்று ஓரம் உடைந்த பழைய போன். அதற்குள் எங்கள் வீடு இருக்கும் பெரம்பலூரில் வாங்கிய சிம் இருக்கிறது. நியூசிலாந்தின் ஹாமில்டனுக்கு வந்து பதினாறு வருடம் ஆகிறது. இன்னும் அதை ரீசார்ஜ் செய்து உயிரோடு வைத்திருப்பதற்கு ஒரே காரணம் ஓ.டி.பி. பேங்க், ஆதார், அம்மா வீட்டு காஸ், எதற்குப் போனாலும் ஆறு இலக்க எண் ஒன்று அந்த சிம்முக்குத்தான் வரும். நான் ஊரை விட்டுக் கிளம்பிவிட்டதை அந்த எண்கள் மட்டும் இன்னும் நம்பவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் வேலையிடத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அந்தப் பழைய போன் முனகியது. என் பெயரில் உள்ள வாகனத்தின் பதிவுக் காலம் இரண்டு மாதத்தில் முடிகிறது, புதுப்பிக்கவும் என்று குறுஞ்செய்தி. அப்போதுதான் உறைத்தது, காருக்குப் பதினைந்து வயதாகிவிட்டது என்று.

அது ஒரு வெள்ளை டீசல் செடான். நான் ஹாமில்டனுக்கு வந்த மறு வருடம், முதல் விடுமுறையில் ஊருக்குப் போய் அப்பாவுக்கு வாங்கிக் கொடுத்தது. அப்பா ஆரோக்கியசாமி அப்போது அரியலூர் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையில் எடை மேடை கிளார்க். சுண்ணாம்புக்கல் லாரிகளுக்கு நடுவே இருபது வருடத்துக்கு மேல் மொபெட்டில் போய் வந்தவர். முகத்தில் துண்டு கட்டியிருந்தாலும் புருவம் வெளுத்துத்தான் வீட்டுக்கு வருவார். நாலு பக்கமும் கண்ணாடி ஏற்றிய ஒன்றுக்குள் அவர் உட்கார்ந்து போக வேண்டும் என்று எனக்கு வெறியே இருந்தது. முதல் வருடச் சம்பளத்தில் மிச்சம் பிடித்ததெல்லாம் அதற்குத்தான் போனது. அவசரத்தில் என் பெயரிலேயே பதிவு செய்துவிட்டேன். அந்த ஒரு கையெழுத்துக்காகப் பதினைந்து வருடமாக அதன் இன்சூரன்ஸ், புகைச் சான்று, அபராதம் எல்லாம் உலகத்தின் அடுத்த மூலையில் இருக்கும் எனக்கே வந்து சேர்கின்றன.

2

நான் பார்க்கும் வேலையையும் சொல்லிவிட வேண்டும். நகரப் பேருந்துகளின் டிப்போவில் பழுதுப் பதிவு மேசை என்னுடையது. டிரைவர்கள் கூப்பிட்டு, கதவு மூடவில்லை, ஹீட்டர் வேலை செய்யவில்லை என்பார்கள். நான் எழுதிக்கொண்டு மெக்கானிக்கை அனுப்புவேன். நாள் முழுக்க அடுத்தவர் வண்டியின் குறையைக் கேட்டுவிட்டு, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எங்கள் வண்டியின் குறையைக் கேட்க உட்காருவேன்.

எனக்கு இங்கே ஏழரை மணி என்றால் அங்கே மதியம் பன்னிரண்டு. பூசை முடிந்து வந்து, சாப்பாட்டுக்கு முன்னால் அப்பா கூப்பிடுவார். எடை மேடையில் இருந்த மனிதர் இல்லையா, எதையும் நேரம் காலத்தோடுதான் சொல்வார்.

"வெள்ளிக்கிழமை காலைல ஒம்பதே காலு, நாலு ரோட்டுக்கிட்ட செல்ஃப் எடுக்கல. நாலு பேரு தள்ளுனாங்க. மறுபடி ஒம்பது அம்பதுக்கு தானாவே எடுத்துச்சு."

பதினைந்து வருடத்தில் அந்தக் காரிடம் இல்லாத சீக்கு இல்லை. ஸ்டியரிங்கை முழுக்க இடது பக்கம் ஒடித்தால் ஹாரன் தானாக அடிக்கும். பின் கண்ணாடி இறங்கினால் ஏறாது. சென்ட்ரல் லாக், ஆள் உள்ளே இருக்கும்போதே பூட்டிக்கொள்ளும். எலி மூன்று தடவை ஒயரைக் கடித்திருக்கிறது. யாரோ சொன்னார்கள் என்று இன்ஜினுக்குள் புகையிலையைக் கட்டித் தொங்கவிட்டார் அப்பா; எலி புகையிலையை விட்டுவிட்டு அதைக் கட்டியிருந்த நூலைத் தின்றுவிட்டுப் போனது. ஆலைப் பக்கம் போனால் சிமெண்ட் தூசி. காலைப் பனியில் அது கண்ணாடி மேல் இறுகிவிடும். வைப்பர் போட்டால் கோடு கோடாகக் கிழிக்கும்.

என் மகள் ஷெரினுக்குப் பதினாறு வயது. தமிழ் பேச வராது என்றே சொல்ல வேண்டும். ஆனால் இந்த ஞாயிற்றுக்கிழமைகளில் காதில் விழுந்து விழுந்து சில சொற்கள் ஒட்டிக்கொண்டன. "செல்ஃப் எடுக்கல", "பேட்டரி டவுன்", "பாத்துக்கலாம்". காலையில் எழுப்பப் போனால் போர்வைக்குள்ளிருந்து "செல்ஃப் எடுக்கல" என்பாள். முதலில் சிரித்தேன். ஒருநாள், இவளுக்கும் தாத்தாவுக்கும் நடுவில் இருக்கும் மொழி இவ்வளவுதானே என்று தோன்றியதும் சிரிப்பு நின்றுவிட்டது. அதற்காக அவளைக் குறை சொல்லவும் முடியவில்லை. எனக்கும் அப்பாவுக்கும் நடுவிலும் காரைத் தவிர என்ன இருந்தது? சாப்பிட்டீங்களா, மழை பேஞ்சுதா, அப்புறம் கார். கார் வந்துவிட்டால் அரை மணி நேரம் ஓடும்.

கடந்த இரண்டு வருடமாக மற்ற சீக்கெல்லாம் பின்னால் போய் ஒன்று மட்டும் முன்னால் வந்து நின்றது. இடது பக்க ஹெட்லைட் மங்குகிறது.

"வலது பக்கம் நல்லா அடிக்குது. இடது பக்கம் ரோட்டோரமே தெரிய மாட்டேங்குது பாப்பா."

பல்பை மாற்றச் சொன்னேன். மாற்றினார். சரியாகவில்லை. ரிலேயைப் பார்க்கச் சொன்னேன். எர்த் ஒயர், ஆல்டர்னேட்டர், கடைசியில் விளக்குப் பெட்டியையே முழுதாகப் புதிதாகப் போடச் சொன்னேன். ஒவ்வொரு முறையும் ஒரு வாரம் "இப்ப பரவால்ல" என்பார். அடுத்த வாரம் மறுபடியும் மங்கும். டிப்போ மெக்கானிக்குகளிடமெல்லாம் கேட்டு, படம் வரைந்து அனுப்பினேன். எனக்கு அதில் ஒரு பெருமையும் இருந்தது. கடல் கடந்து உட்கார்ந்துகொண்டு அப்பாவின் காரை நான்தான் ஓட்டிக்கொண்டிருப்பதாக நினைப்பு.

கூடவே பயமும் இருந்தது. அரியலூர் ரோட்டில் பொழுது சாயும் நேரத்தில், கல் ஏற்றிய லாரிகளுக்கு நடுவில், ஒற்றை விளக்கோடு எழுபத்தோரு வயது மனிதர். அவரைப் பற்றி எனக்குத் தெரிவதெல்லாம் வாரத்துக்கு ஒருமுறை அவர் வாயால் சொல்வதுதான். குறுஞ்செய்தி வந்த அன்று முடிவு செய்தேன். பதிவைப் புதுப்பிக்கப் போவதில்லை. போய் அந்தக் காரைத் தலைமுழுகிவிட்டு வருகிறேன். அவரை உயிரோடு வைத்துக்கொள்ள எனக்கு வேறு வழி தெரியவில்லை.

3

திருச்சி ஏர்போர்ட்டுக்கு அப்பாதான் வந்திருந்தார். ஆனால் ஸ்டியரிங்கில் மெக்கானிக் ஜமால் இருந்தார். ஜமால் பதினைந்து வருடமாக இந்தக் காரைப் பிரித்து மாட்டுகிறவர்.

"ஜமாலுக்கு ஏர்போர்ட்டப் பாக்கணும்னு ரொம்ப நாளா ஆசை" என்றார் அப்பா.

ஜமால் என்னைப் பார்க்காமல் பெட்டியை டிக்கியில் வைத்தார். 

வீட்டில் இரண்டாம் நாளே சண்டை ஆரம்பித்தது. எஃப்.சி. எடுத்தால் இன்னும் ஐந்து வருடம் ஓட்டலாம் என்பது அப்பாவின் கட்சி. எடைக்குப் போடுவோம் என்பது என் கட்சி.

"அப்பா, ஒரு லைட்ட ரெண்டு வருஷமா சரி பண்ண முடியல. இத வெச்சுக்கிட்டு என்ன பண்ணப் போறீங்க?"

"ஏலாக்குறிச்சிக்கு எப்படிப் போறது? பஸ்ஸுல ரெண்டு எடம் மாறணும். ஒங்கம்மாவுக்கு முட்டி வலி."

"டாக்ஸி வெச்சுக்கலாம்ப்பா."

"டாக்ஸில போயி எறங்குனா, வண்டி என்னாச்சுன்னு நூறு பேரு கேப்பான்."

ஏலாக்குறிச்சி எங்கள் பூர்வீகம். மாதா கோயிலுக்கு மாதத்தில் ஒரு சனிக்கிழமை அப்பாவும் அம்மாவும் போய் வருவார்கள். அம்மா இந்தச் சண்டையில் எந்தப் பக்கமும் சேரவில்லை. அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "ரெண்டு பேரும் சாப்பிட்டுட்டு சண்ட போடுங்க" என்றதோடு சரி. என் அம்மா எதிலும் கருத்துச் சொல்லாமல் இருக்கிறவள் அல்ல. அதை நான் அப்போதே கவனித்திருக்க வேண்டும்.

விற்பதானாலும் புதுப்பிப்பதானாலும் என் பேப்பர் சரியாக இருக்க வேண்டும் என்று ஆர்.டி.ஓ. ஆபீஸுக்குப் போனேன். அங்கே போய் நின்றதும் என் வாயில் வந்தது ஹாமில்டன் சொல். "இந்த வாஃபுக்கு என்ன ஃபாரம் சார்?" நியூசிலாந்தில் காரின் தகுதிச் சான்றுக்கு அப்படித்தான் பெயர். கவுன்டரில் இருந்தவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "எதும்மா?" என்றார். எஃப்.சி. என்று திருத்திக்கொண்டேன்.

அடுத்தது பெயர். ஆர்.சி. புத்தகத்தில் ஆ. செலின் மேரி. பாஸ்போர்ட்டில் செலின் மேரி ஆரோக்கியசாமி.

"ரெண்டும் ஒரே ஆளுதானாம்மா?"

"ஆமாங்க சார்."

"அதுக்கு ஒரு அஃபிடவிட் குடுத்துருங்க."

அவர் மரியாதையாகத்தான் சொன்னார், தப்பு அவருடையதல்ல. ஹாமில்டனில் எல்லாரும் என்னை "ஆரோ" என்றுதான் கூப்பிடுகிறார்கள். அப்பாவின் பெயரில் பாதி. அந்தப் பாதிப் பெயரோடு பதினாறு வருடம் வாழ்ந்துவிட்டு, பெரம்பலூருக்கு வந்து நான் நான்தான் என்று முத்திரைத்தாளில் எழுதிக் கொடுத்தேன்.

4

சனிக்கிழமை ஏலாக்குறிச்சிக்குக் கிளம்பினோம். விற்பதற்கு முன்னால் ஒருமுறை மாதாவிடம் காரைக் காட்டிவிட்டு வந்துவிடலாம் என்று நான்தான் சொன்னேன். அம்மா முட்டி வலி என்று வரவில்லை. ஜமாலை வரச் சொல்லலாமா என்று அப்பா இரண்டு தடவை கேட்டார். "எதுக்குப்பா, நீங்கதான் ஓட்டுவீங்களே" என்றேன். சாவியை எடுத்தார்.

காலை பத்து மணி. அரியலூர் தாண்டி, நேரான ரோடு. வெயில் சுள்ளென்று அடித்தது. முன்னால் அரை கிலோமீட்டருக்கு ஒரு லாரிகூட இல்லை. இடது ஓரத்தில் ஒரு பெண் தலையில் புல்லுக்கட்டோடு எங்களுக்கு முன்னால் நடந்துபோய்க்கொண்டிருந்தாள். சிவப்புச் சேலை. அவ்வளவு தூரத்திலிருந்தே எனக்குத் தெரிந்தது. அப்பா ஏதோ பேசிக்கொண்டே வந்தார். கார் மெல்ல மெல்ல இடது பக்கம் சாய்ந்துகொண்டே போனது. இப்போது திருப்புவார், இப்போது திருப்புவார் என்று பார்த்தேன். அவர் திருப்பவில்லை. நான் கையை நீட்டி ஸ்டியரிங்கைப் பிடித்து இழுத்தேன்.

பக்கத்துக் கண்ணாடி அவள் முந்தானையில் உரசியது. கட்டு சரிந்து, அந்தப் பெண் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். நான் இறங்கி ஓடினேன். அடி எதுவும் இல்லை. முழங்கையில் லேசாகச் சிராய்ப்பு.

"இம்மாம் பெரிய கட்டு தலைல இருக்கு, தெரியலயா ஒங்களுக்கு?" என்றாள். "நான் எங்க நடுரோட்டுலயா போறேன்? ஓரமாத்தான போறேன்?"

என்ன சொன்னேன் என்று நினைவில்லை. மன்னிப்பு கேட்டேன், தண்ணீர் கொடுத்தேன், கட்டைத் தூக்கித் தலையில் வைத்துவிட்டேன். அவள் திட்டிக்கொண்டே நடந்துபோனாள். அப்பாவும் இறங்கி வந்து காரின் முன்னால் நின்றிருந்தார்.  ரோட்டைப் பின்னால் பார்த்தார், பக்கத்து வயலைப் பார்த்தார்.

"எங்கேருந்து வந்துச்சு பாப்பா, இந்தப் பொண்ணு?" என்றார்.

அவர் சமாளிக்கவில்லை. நிஜமாகவே கேட்டார். பட்டப்பகலில் எந்த விளக்கைக் குறை சொல்வது?

ஏலாக்குறிச்சிக்குப் போகவில்லை. வண்டியை நான் வாங்கிக்கொண்டேன். ஹாமில்டனில் நான் ஓட்டுவது கியர் மாற்றத் தேவையில்லாத ஆட்டோமேட்டிக். பெரம்பலூர் வருவதற்குள் மூன்று தடவை வண்டி என் கையில் ஆஃப் ஆகிவிட்டது. 

5

அவரை வீட்டில் இறக்கிவிட்டு நேரே ஜமாலின் பட்டறைக்குப் போனேன். அவர் ஒரு ஆட்டோவுக்கு அடியில் படுத்திருந்தார். வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தார். என்ன நடந்தது என்று நான் சொல்வதற்கு முன்பே அவருக்குப் புரிந்துவிட்டது.

"ஜமால், அந்த இடது பக்க லைட்டுல என்னதான் கோளாறு?"

"ஒண்ணும் இல்லக்கா."

"பின்ன எதுக்கு நாலு தடவை மாத்துனீங்க?"

"நீங்க சொன்னீங்கன்னு ஐயா சொன்னாரு. வெளிநாட்டுல வண்டி ஆபீஸுல வேல பாக்குற பொண்ணு, அது சொன்னா சரியாத்தான் இருக்கும்னாரு. நான் என்னத்தச் சொல்ல?" பக்கத்தில் கிடந்த பெட்டியைக் காட்டினார். "இதா, கழட்டுன லைட்டு. நல்லா எரியுது. ரெண்டு மூணு வருஷமா வண்டில பட்ட அடியெல்லாம் பாருங்க, எல்லாம் இடது பக்கந்தான். மூணு தடவை கண்ணாடி போச்சு. மயிலு கொத்திருச்சும்பாரு. மயிலு கொத்துனா கண்ணாடி ஒடையும், மட்காடு நசுங்குமாக்கா?"

"எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாம்ல?"

"அம்மாகிட்ட சொன்னேன். அவங்க ஐயாகிட்ட கேட்டுருக்காங்க. பொண்ணுகிட்ட சொன்னா நான் சோறு திங்க மாட்டேன்னு சொல்லிட்டாராம். அதான் முடிஞ்சப்பல்லாம் நானே வந்து ஓட்டுறேன். அல்லா புண்ணியத்துல இதுவரைக்கும் பெருசா ஒண்ணும் ஆகல."

அந்த எண்ணெய்த் தரையில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். எங்கள் டிப்போவில் ஒரு வழக்கம் உண்டு. ஒரே பழுதை ஒரே டிரைவர் மூன்று தடவை சொல்லி, மூன்று தடவையும் மெக்கானிக் ஒன்றுமில்லை என்று எழுதினால், நாலாவது தடவை மெக்கானிக்கை அனுப்ப மாட்டோம். டிரைவரைக் கண் டாக்டரிடம் அனுப்புவோம். அந்தப் படிவத்தை நிரப்புகிறவளே நான்தான். முன்பின் தெரியாத எத்தனையோ டிரைவர்களுக்கு நிரப்பியிருக்கிறேன். என் அப்பாவுக்கு மட்டும் பல்பு வாங்கச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

வீடியோவில் பேசும்போது அவர் போனை எப்போதும் வலது பக்கம் தள்ளிப் பிடிப்பார். பாதி முகம்தான் தெரியும். "நேரா பிடிங்கப்பா" என்று ஒவ்வொரு வாரமும் எரிந்து விழுவேன். ஷெரின்கூட ஒருநாள், தாத்தாவுக்கு ஏன் எப்போதும் பாதி முகம் என்று கேட்டாள். வயசானவங்களுக்கு போன் பிடிக்கத் தெரியாது என்று அவளுக்குப் பதில் சொன்னேன்.

லைசென்ஸ் எப்படிப் புதுப்பித்தார் என்று அன்று சாயங்காலம் அம்மாவிடம் கேட்டேன். மெடிக்கல் சர்டிபிகேட்டுக்குத் தெரிந்த டாக்டரிடம் போயிருக்கிறார். அவர் அப்பாவை உட்கார வைத்து, காபி கொடுத்து, ஒங்களுக்கு என்ன சார் குறைச்சல் என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். கண்ணைப் பார்ப்பது மரியாதையாக இருக்காதாம். அப்பாவை யாரும் கஷ்டப்படுத்தவில்லை. எல்லாரும் மரியாதை கொடுத்தே பாதிக் கண்ணைப் போக்கிவிட்டோம்.

6

திருச்சியில் ஒரு கண் ஆஸ்பத்திரி. அப்பா மறுக்காமல் வந்தார். அந்தப் புல்லுக்கட்டுப் பெண்ணுக்குப் பிறகு அவர் எதையும் மறுக்கவில்லை. அதுவே எனக்கு வேதனையாக இருந்தது.

ஒரு கண்ணை மூடிவிட்டு, கிண்ணம் போன்ற ஒரு மெஷினுக்குள் பார்க்கச் சொன்னார்கள். உள்ளே அங்கங்கே சின்ன வெளிச்சப் புள்ளி வரும். தெரியும்போதெல்லாம் கையில் உள்ள பட்டனை அமுக்க வேண்டும். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். வலது கண்ணுக்கு விட்டு விட்டு டிக், டிக் என்று கேட்டது. இடது கண்ணுக்கு மாற்றினார்கள். மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது. பட்டன் சத்தம் வரவே இல்லை. அப்பா கட்டை விரலைப் பட்டன் மேல் வைத்தபடி, எப்போது வரும் எப்போது வரும் என்று காத்திருந்தார். அழக்கூடாது என்று எழுந்து வெளியே போய் நின்றேன்.

டாக்டர் சின்னப் பெண். ஒளிக்காமல் பேசினாள்.

"கண்ணு நீர் அழுத்தம் சார். இடது கண்ல போனது போனதுதான், அதத் திரும்பக் கொண்டுவர முடியாது. வலது கண்லயும் ஆரம்பிச்சிருக்கு. ஆனா சொட்டு மருந்த ஒரு நாள்கூட விடாம போட்டீங்கன்னா இருக்கறதக் காப்பாத்திக்கலாம். வண்டி மட்டும் இனிமே ஓட்ட வேணாம்."

"சரிங்கம்மா" என்றார் அப்பா. எடைச் சீட்டை வாங்கிக்கொள்வதைப் போல அந்த ரிசல்ட் தாளை வாங்கி நாலாக மடித்துப் பையில் வைத்தார்.

திரும்பும்போது நான்தான் ஓட்டினேன். அவர் என் இடது பக்கம் உட்கார்ந்திருந்தார். பாடாலூர் தாண்டும்வரை பொறுத்துப் பார்த்தேன். முடியவில்லை.

"ஒங்களுக்குத் தெரியுமாப்பா?"

"மொதல்ல லைட்டுன்னுதான் நெனச்சேன். மூணாவது தடவ மாத்துனப்ப தெரிஞ்சு போச்சு."

"அப்புறமும் ஏன் லைட்டு லைட்டுன்னு சொன்னீங்க?"

 ஒரு லாரி எங்களைத் தாண்டிப் போனது.

"லைட்டு மங்குதுன்னு சொன்னா நீ அரை மணி நேரம் பேசுவ. படமெல்லாம் வரைஞ்சு அனுப்புவ. கண்ணு மங்குதுன்னு சொன்னா அழுவ. இல்லன்னா டிக்கெட் போட்டு எங்கள அங்க கூட்டிட்டுப் போயிருவ. அங்க வந்து நான் என்னம்மா பண்ணுவேன்?"

வண்டியை ஓரம் கட்டினேன். எனக்கு வந்தது அழுகை இல்லை, கோபம்.

"அப்பா, ஜமால் ஒங்கள தெனம் பாக்குறாரு. அம்மா பாக்குறாங்க. நான் எதப் பாக்குறேன்? ஞாயித்துக்கெழம நீங்க வாயால என்ன சொல்றீங்களோ அதுதான் எனக்கு அப்பா. அதுல பொய் சொன்னீங்கன்னா எனக்கு அப்பாவே இல்ல. ரெண்டு வருஷமா நான் யாருகிட்ட பேசிக்கிட்டிருந்தேன்?"

என் அப்பாவிடம் வாழ்க்கையில் அவ்வளவு சத்தமாக நான் பேசியதில்லை. அவர் மடியில் கையை வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். இனிமேல் சொல்கிறேன் என்று சொல்வார் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. "வண்டிய எடும்மா, வெயிலாருக்கு" என்றார்.

7

காரை எடைக்குப் போடவில்லை. அந்த முடிவை எடுத்தது நான்தான். கார் மீது நான் சுமத்தியிருந்த பெரிய குற்றத்தை அது செய்யவில்லை என்றான பிறகு அதை வெட்டிப் போட மனம் வரவில்லை. அம்மாவுக்கும் மாதா கோயிலுக்குப் போக வேண்டும். ஜமால் ஒரு வாரம் உட்கார்ந்து ஹாரன், கண்ணாடி, லாக் எல்லாவற்றையும் பார்த்தார். எஃப்.சி. அன்று அவரே ஓட்டிக்கொண்டு போனார். ஹெட்லைட் டெஸ்டில் இரண்டு பக்கமும் சரியாக எரிந்தது. இன்னும் ஐந்து வருடம். வெளியே போக வேண்டுமென்றால் கூப்பிட ஒரு ஆக்டிங் டிரைவரின் நம்பரை அம்மாவின் போனில் போட்டுக் கொடுத்தேன். அப்பா தன் லைசென்ஸை எடுத்து, கேட்காமலே, பீரோவில் பழைய பத்திரங்களோடு வைத்தார்.

நான் ஹாமில்டனுக்குத் திரும்பி வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை ஏழரை மணிக்குக் கூப்பிட்டார். பூசை முடிந்தது, சொட்டு மருந்து விட்டாயிற்று, அம்மா கருவாட்டுக் குழம்பு வைக்கிறாள். கார் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். நல்லாருக்கு என்றார். அதற்கு மேல் இரண்டு பேருக்கும் ஒன்றுமில்லை. அவர் இருமினார். நான் இங்கே குளிர் ஆரம்பித்துவிட்டது என்றேன். ஐந்து நிமிடத்தில் வைத்துவிட்டோம். ஷெரின் நிமிர்ந்து பார்த்து, அவ்வளவுதானா என்று கேட்டாள். அடுத்த வாரமும் அப்படித்தான். அதற்கடுத்த வாரமும். அவரைக் காப்பாற்றப் போய், வாரத்தில் எனக்கிருந்த அரை மணி நேரத்தைத் தொலைத்துவிட்டு வந்தேனோ என்று நினைத்துக்கொண்டேன்.

நேற்று நாலாவது ஞாயிறு. மருந்து, பூசை, மழை எல்லாம் ஆயிற்று. வைத்துவிடுவார் என்று நினைத்தேன். வைக்கவில்லை. எழுந்து வாசல் பக்கம் நடப்பது தெரிந்தது. குரலைத் தணித்துக்கொண்டார்.

"பாப்பா, வியாழக்கெழம காலைல ஆறே முக்காலுக்கு காபி டம்ளரத் தட்டி விட்டுட்டேன். இடது பக்கம் இருந்துச்சு. இருந்ததே தெரியல."

"கையில கொட்டிருச்சாப்பா?"

"கொஞ்சம். பூனை தட்டிருச்சுன்னு ஒங்கம்மாகிட்ட சொல்லிருக்கேன். நீ சொல்லிறாத."

"சொல்லலப்பா" என்றேன். "வேற என்ன?"

"செவ்வாக்கெழம வாசப்படில..." என்று ஆரம்பித்தார். நாற்பது நிமிடம் பேசினோம்.